அடுக்கு நந்தியாவட்டை

ஆகஸ்ட் 14, வியாழன். குளுவாங்.

காலையில் சந்தையில் முனியாண்டியை நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து ஊரான காஹாங்கிலிருந்து பன்னிரண்டு வருஷமாக என் பூக்கடைக்கு அடுக்கு நந்தியாவட்டை கொண்டு வருகிறவர். இன்று அவர் பையில் ஐந்தே இதழுள்ள ஒற்றை அடுக்குப் பூக்களும் கலந்து கிடந்தன. அதைக் கட்டினால் மாலை நிறையாது. "மலிவுப் பூவ கலந்து என் தலையில கட்டுறியா?" என்று கேட்டேன். கோபத்தில் மரியாதையும் போய்விட்டது.

"எல்லாம் ஒரே செடிதான் மொதலாளி," என்றார். நான் நம்பவில்லை.

கெலாங் பாத்தாவில் செடி வளர்க்கும் லேப்பில் வேலை செய்யும் மகளிடம் சாயங்காலம் போனில் சொன்னேன்.

"அவர் சொன்னது நெசம் லா, அப்பா. ஒரு ஜீன் மாறினதாலதான் அடுக்குப் பூவுல மகரந்தத் தாள் வர்ற எடத்துலயும் இதழ் வருது. ஏதோ ஒரு கிளையில அது பழையபடி திரும்பிடலாம். ஜீன் உத்தரவு மட்டுந்தான் போடும். உள்ள தண்ணி அழுத்தும்போது செல் சுவர் இளகுற பக்கம் விரியும், இறுகுற பக்கம் அடங்கும். இதழ் வடிவம் அப்படித்தான் வரும்."

கடையிலும் அப்படித்தான். எப்படி வேண்டும் என்று நான் சொல்வேன். கட்டுகிறவள் நாரை இழுக்கிற இழுப்பில்தான் மாலை உருவாகும்.

உடனே முனியாண்டிக்குப் போன் போட்டேன். அந்தக் கிளையைப் பார்க்க வரட்டுமா என்றேன்.

"செடியவே வெட்டிட்டேன் மொதலாளி. இருந்தாத்தானே பேச்சு வரும்."

அடிக்கட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். தோண்டிவிடாதீர்கள், மறுபடி துளிர்க்கும் என்றேன். தப்பு என்னுடையது என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.