நீ தாமதமாக வந்த கல்யாணம்

நைனா,

நேற்று காலை உன் பீரோவைத் திறந்தோம். வாரிசுச் சான்றிதழுக்கு உன் ஆதார் நகல் வேண்டும் என்று தாலுகா ஆபீசில் கேட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. மேல்தட்டில், உன் பழைய சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே, அந்தக் கப்பல் அட்டை இருந்தது. நீல நிற பிளாஸ்டிக் அட்டை. அறைக் கதவைத் திறக்க, கரையில் இறங்கி ஏற, எல்லாவற்றுக்கும் அது ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்கள். கப்பலை விட்டு இறங்கும்போதே குப்பையில் போட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள். நீ போய் ஏழு மாதம் கழித்துச் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாதது அதிகம் இருக்காது. ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

செல்வத்தைப் பற்றி உன்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேனாம்பேடு வீட்டு வாசலில் உன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய்.

“செல்வம்னா, பட்டாபிராம்ல உங்கூட தங்கிகினு கீற பையன்தானே? ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல வேல செய்றானே?”

“ஆமா நைனா.”

“ரூம்மேட்டுன்னு சொன்ன?”

“ரூம்மேட்டு இல்ல. நாங்க ரெண்டு பேரும் சேந்து வாழறோம். நான் வேற யாரையும் கட்டிக்கப் போறதில்ல.”

நீ பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு எண்ணெய்ப் புட்டியை மூடினாய். “டீ குட்ச்சிட்டுப் போ” என்று மட்டும் சொன்னாய். அதன் பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா அழுதாள், திட்டினாள், தரகரிடம் என் ஜாதகத்தைக் கொடுத்தாள். நீ எதுவும் செய்யவில்லை. நான் ஃபோன் செய்தால் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவாய்.

ஒன்பதாவது மாதம் நீயாகவே பட்டாபிராமுக்கு ரயிலேறி வந்தாய். எங்கள் ஃப்ளாட்டை ஒரு சுற்று பார்த்தாய். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே கடைக்குப் போய் வாஷர் வாங்கிவந்து, கழற்றி மாற்ற ஆரம்பித்தாய். செல்வம் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். “இன்னும் கொஞ்சம் கீய புடிப்பா.” அவனிடம் நீ பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

கப்பல் கல்யாணம் செல்வத்தின் யோசனை. நம் ஊரில் எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வழியில்லை. அந்தக் கப்பல் பதிவாகியிருக்கும் நாட்டில் வழி இருந்தது. நடுக்கடலுக்குப் போய்விட்டால் கப்பலில் அந்த நாட்டுச் சட்டம்தான். கேப்டனே நடத்திவைத்துக் காகிதம் கொடுப்பார். எங்களைப் போல எத்தனையோ ஜோடிகள் அப்படிப் போய்ச் செய்துகொள்கிறார்கள். உன்னிடம் சொன்னபோது, “அந்தப் பேப்பரு இங்க செல்லுமா?” என்று கேட்டாய். செல்லாது என்றேன்.

“செல்லாத பேப்பருக்கு எதுக்குடா அம்மாந்தூரம்?”

செல்வம்தான் பதில் சொன்னான். “எங்க செல்லுமோ அங்க போய் ஒரு தடவ சொல்லிட்டு வர்றோம் அங்கிள்.”

நீ வருவாய் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று நீ கேட்டபோது எனக்கு உடனே புரியவில்லை. அம்மா வரவே மாட்டேன் என்றுவிட்டாள். உங்கள் சண்டை சமையலறையிலிருந்து தெருவரை கேட்டது.

“பையன் கல்யாணத்துக்கு அப்பன் போவலன்னா ஊரு இன்னா பேசும்?”

“ஊருக்குத் தெரிஞ்சாத்தானய்யா பேசும்! நீ போய் தெரிய வெச்சிட்டு வா!”

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். நல்ல மனிதர். மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே, இந்த வயதில் எதற்கு வெளிநாடு என்று கேட்டார். பையனுக்குக் கப்பலில் கல்யாணம் என்றாய். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மாப்ள இவருதானா! பொண்ணு எந்த ஊரு?”

நீ ஒரு நிமிடம் தரையைப் பார்த்தாய். “பாரிவாக்கம்,” என்றாய்.

“தோ கீற பாரிவாக்கத்துல பொண்ணு எடுத்துட்டு, கல்யாணத்துக்குக் கப்பலா!”

“அவுங்க இஷ்டம் சார்,” என்றாய். பொய் சொல்லவில்லை. செல்வம் பாரிவாக்கம்தான். அவர் போனதும் உள்ளே அம்மா சிரித்துவிட்டாள். அந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான்.

சிங்கப்பூரில் ஏறினோம். ஐந்து நாள் பயணம். தாய்லாந்து கரைவரை போய்த் திரும்புகிற கப்பல். ஏறும் முன் தேக்காவில் தமிழர் கடைத்தெருப் பக்கம் போய் இரண்டு ரோஜா மாலை வாங்கினாய். அவற்றைக் கப்பலில் பூ வைக்கிற குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தாய். “மாலை எங்கையால எடுத்துக் குடுக்கறேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்,” என்றாய்.

சாப்பாட்டு மேசையில் நம்மோடு இரண்டு ஆஸ்திரேலியக் கிழவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவர் நல்ல உயரம், மற்றவர் வழுக்கை. எங்களுக்கு அடுத்ததாக அவர்களுக்கும் கல்யாணம் என்று சொன்னார்கள். நீ முதலில் என்னைப் பார்த்தாய். பிறகு தொழிற்பேட்டையில் கற்ற இங்கிலீஷில் அவர்களையே கேட்டாய். “யூ டூ பீப்பிள், ஹவ் மெனி இயர்?”

முப்பத்தொன்பது வருஷம் என்றார் உயரமானவர்.

“முப்பத்தொம்பது வருசமா இன்னாடா பண்ணிகினு இருந்தாங்க?” என்று என் பக்கம் திரும்பினாய்.

நான் கேட்டுச் சொன்னேன். அவர்கள் நாட்டில் சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. ஆனால் வழுக்கைத் தலைக்காரரின் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்று இவர் இருந்துவிட்டார். அம்மா தொண்ணூற்றாறு வயதுவரை இருந்தார்.

நீ ஸ்பூனைத் தட்டில் வைத்தாய். அதற்கப்புறம் சாப்பிடவில்லை. எழுந்து போகும்போது அந்த வழுக்கைத் தலைக்காரரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாய்.

இந்தக் கடிகார விஷயத்தையும் சொல்ல வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளச் சொல்லி அறைக்குத் துண்டுச்சீட்டு வந்தது. நாங்கள் மறந்துவிட்டோம், நீதான் கதவைத் தட்டி நினைவுபடுத்தினாய். திரும்பும்போது ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். அதற்கும் சீட்டு வந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் கல்யாணம்.

காலையில் நீ மாலைகளை வாங்கிக்கொண்டு உன் அறைக்குப் போனதைப் பார்த்தேன். பத்தே முக்காலுக்கு நாங்கள் மேல்தளத்துக் கூடத்துக்குப் போனோம். முன்வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பதினொன்று ஆயிற்று. உன் அறைக்கு ஃபோன் செய்தார்கள், யாரும் எடுக்கவில்லை. கேப்டன் பத்து நிமிடம் காத்திருந்தார். முப்பத்து நான்கு வருஷம் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே போய் நின்றவன் நீ. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். “ஆரம்பிங்க,” என்றேன். செல்வம், “நான் போய்ப் பாத்துட்டு வரேன்டா,” என்றான். வேண்டாம் என்றேன். மாலை இல்லாமல், கேப்டன் படித்ததைத் திருப்பிச் சொல்லி, கையெழுத்துப் போட்டு முடித்தோம். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை. அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அதே கூடத்தில் கிழவர்களின் கல்யாணம். எங்களைக் கட்டாயம் இருக்கச் சொல்லியிருந்தார்கள், இருந்தோம். அவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் மாலை. மூச்சு வாங்க நின்றாய்.

“முடிஞ்சிட்ச்சா?” என்றாய். பிறகு கைக்கடிகாரத்தைக் காட்டினாய். அதில் பதினொன்று தாண்டியிருந்தது. “முள்ளைத் திருப்ப மறந்துட்டேன்டா.”

செல்வம்தான் முன்னால் வந்தான். “பரவால்ல மாமா. இப்பதான் முடிஞ்சிது. வாங்க.” அதுவரை அவன் உன்னை அங்கிள் என்றுதான் கூப்பிட்டிருந்தான். நீ அவனைப் பார்த்தாய்.

வழுக்கைத் தலைக்காரருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேப்டனிடம் போய் ஏதோ பேசினார். கேப்டன் சிரித்துக்கொண்டே, காகிதத்தை இன்னொரு தடவை எழுத முடியாது, வார்த்தையை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். முதலிலிருந்து படித்தார். நாங்களும் முதலிலிருந்து சொன்னோம். நீ எனக்கொரு மாலை, செல்வத்துக்கொரு மாலை எடுத்துக் கொடுத்தாய். மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் கிடந்த ரோஜா, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. கிழவர்கள் இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. போகும்போது நினைவுபடுத்தியவன் வரும்போது எப்படி மறப்பான்? ஆனால் கேட்கவில்லை. அடுத்த மூன்று வருஷத்தில் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் மேனாம்பேட்டுக்கு வந்தோம். செல்வம் அம்மாவுக்குச் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பான். ஊசிக்குப் பயந்து அவள் உன் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கிழவர்களைப் பற்றி நீ அவளிடம் அடிக்கடி சொன்னாய் என்று தெரியும். “பாவம், அம்மா சாவற வரைக்கும் காத்துகினு இருந்தாராம்.” அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் மாறினாள் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது, உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்றார் நர்ஸ். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன், செல்வம் உன் பக்கத்தில் நின்றிருந்தான். இவர் யார் என்று கேட்டாராம். “மருமவன்,” என்றாயாம். “பொண்ணோட ஊட்டுக்காரரா?” “எனக்குப் பொண்ணு இல்லம்மா. ஒரே பையன்.” அந்த நர்ஸ் பதிவேட்டில் மருமகன் என்றே எழுதிக்கொண்டு போனாராம். செல்வம் என்னிடம் சொன்னான். அதற்கு நான்காவது நாள் நீ போய்விட்டாய்.

நேற்று அம்மா சொன்னது இதுதான்.

“அவுரு கடியாரத்தைத் திருப்பித்தான் வெச்சிருந்தாரு. பத்து மணிக்கே வேட்டி கட்டிகினு, மாலைய மடியில வெச்சிகினு கட்டில்ல குந்திகினு இருந்தாராம். எழுந்துக்க முடியலயாம். தம்பி, பங்காளி எல்லாம் இன்னா கேப்பாங்கன்னு அதே ஓடிகினு இருந்துதாம். போன் அடிச்சிதாம், எடுக்கல. பதினொண்ணு தாண்டினதும், சரி, முடிஞ்சிருக்கும், இனிமே போவ வேணாம்னு வேட்டிய அவுத்து லுங்கி மாத்திகினாராம். அப்புறம் திரும்பக் கட்டிகினு வந்தாராம். வர்ற வழியில கடியாரத்து முள்ளைப் பின்னால திருப்பிகினாராம்.”

“திரும்ப ஏம்மா கட்டினாராம்?”

“அத்த சொல்லல. நானும் கேக்கல.”

எனக்குக் கோபம் வந்தது, நைனா. உன்னிடம் மறைக்க மாட்டேன். ஃபோன் மணி அடிக்க அடிக்க நீ உட்கார்ந்திருந்தாய் என்பது நேற்று முழுவதும் உறுத்தியது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் லுங்கிக்கு மாறிவிட்ட மனிதன் மறுபடி பட்டு வேட்டியை எடுத்துக் கட்டியதைத்தான் மனம் திரும்பத் திரும்ப நினைக்கிறது. அந்த அறையில் உன்னோடு யாரும் இல்லை. யாரும் சொல்லி நீ வரவில்லை. எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது அதுதான். வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். செல்வத்தின் அண்ணனை நீ பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக இவனோடு பேச்சில்லை. அவர் மகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புதன்கிழமை தபாலில் பத்திரிகை வந்தது. உறைமேல் அவர் கையெழுத்தில் ‘செல்வம் குடும்பத்தினர்’ என்று இருந்தது. செல்வம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டான். “இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிதாமா? போக வேணாம்,” என்றான்.

இன்று காலை, அம்மா சொன்னதை அவனிடம் சொன்னேன்.

“மாமா எவ்ளோ நேரம் உக்காந்திருந்தாரு?” என்று கேட்டான்.

“ஒரு மணி நேரம்.”

“எங்கண்ணன் பதினோரு வருஷம் உக்காந்துட்டான்,” என்றான்.

பிறகு எழுந்து போய்ப் பத்திரிகையை எடுத்து, மண்டபம் எங்கே என்று பார்த்தான். பத்து மணிக்கு முகூர்த்தம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம், நைனா.