தோட்டம் பார்க்க

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு கூத்து. போன வாரம் எங்கள் மேஸ்திரி, "ஞாயித்துக்கிழமை பெரிய பொட்டானிக்கல் கார்டனுக்கு வண்டி போகுது. தோட்டம் பாக்க யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு அறையிலுள்ள எல்லோர் பெயரையும் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கண்ணாடி மாளிகை, அல்லிக்குளம் என்று ஒரே பேச்சு.

இன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆளுக்கொரு ஜோடி என்று எல்லோருக்குமான கையுறைகளை என்னிடம் கொடுத்தார். களை பிடுங்கவாம்! "பாக்கறதுன்னா வேடிக்கை பாக்கறதுன்னு நெனச்சியாடா மாப்ள?" என்று சிரித்தார். மாதத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டு சிரிப்பு வேறு. கொடுத்த பெயரைத் திரும்ப எடுக்கவும் முடியாதாம். நானும் அவரோடு சேர்ந்து இளித்தேன், அம்மா. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

கையுறைகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். அறையில் இன்னும் யாருக்கும் தெரியாது. வெல்டர் அண்ணன் எல்லோர் சட்டைக்கும் இஸ்திரி போடுகிறார்.

யாராவது இங்கே வந்தால் உன் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள. பழசே போதும்.

"தம்பி, போட்டோவுக்கு எனக்கு நீலம் எடுக்குமா, வெள்ளையா?" என்று அண்ணன் கேட்கிறார். அவசரமாக முடிக்கிறேன். இஸ்திரிப் பெட்டியை அணைக்கச் சொல்ல வேண்டும்.

உன் மகன்