துணி கட்டிய பட்டன்

அக்கா,

இன்று காலையில் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது. என் மனைவியின் மடிக்கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனாள். அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று மூன்று நாளாக வீட்டில் சண்டை. நான் ஒன்றைச் சொன்னேன். இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, பழைய பெட்டியிலும் விறுவிறுவென்று ஓடும். அவளோ, "எதிர் வீட்ல இன்னா கீதோ அதையே போடுங்க, தெரியலன்னா அவங்களக் கேட்டுக்குவேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. நாற்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான், எதிர் வீட்டைப் பார்த்தா சிஸ்டம் போட வேண்டும்? பிடிவாதமாக என்னுடையதையே போட்டேன். போட்டுவிட்டுத் துடைக்கும்போது ஒரு பட்டன் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். அவள் வந்து பார்த்தாள். "அது நான் வச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அக்கா. இத்தனை வயதாகியும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

மாமா அரபு நாட்டுக்குப் படகுத் தொழிலுக்குப் போன வருஷம் நான் மீஞ்சூரில் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தேன். நீ கோட்டைக்குப்பத்தில் தனியாக இருந்தாய். மாமாவுக்குக் கொஞ்சம் எழுத வரும், உனக்குப் படிக்க வராது. கடிதம் வந்தால் மீனவர் சங்கத்துக் கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுப்பாய். அந்த ஆள் ஊருக்கே கேட்கிற மாதிரி படிப்பான். மாமாவுக்கு மூலக்கடுப்பு வந்த சேதி உன் காதில் விழுவதற்குள் மீன் ஏலம் எடுக்கிறவர்கள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்ததை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். சிரித்தாய், ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதத்தைப் பிரிக்காமலே அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாய்.

பழவேற்காட்டில் நீ இறால் கொண்டுபோய்க் கொடுக்கிற வீடுகளில் வேறு வழக்கம் இருந்தது. அங்கே பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். அவர்கள் பேசிப் பதிவு செய்த கேசட், ஊருக்கு வருகிறவர் பெட்டியில் வரும். இங்கே பெண்கள் பேசிய கேசட், திரும்பிப் போகிறவரோடு போகும். பாத்திமா அக்கா வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் நீ என்னிடம் கேட்டாய்.

"எழுத்து வேணாம்டா, படிக்கிறவனும் வேணாம். அவரு பேசறத நான் ஒருத்தியே கேக்கணும். பாத்திமா அக்கா வூட்ல கீற மாதிரியே ஒண்ணு பாத்து வாங்கிக் குடு. தெரியலன்னா அவங்களக் கேட்டுக்குவேன்."

இவ்வளவு தெளிவாக என் கடைக்கு வந்த எந்தப் படித்தவனும் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். பாத்திமா அக்கா வீட்டு டேப் செங்கல் கணக்காக இருக்கும், ஒரே ஸ்பீக்கர், ஐந்தே பட்டன், ஓசை தகரத்தைத் தட்டின மாதிரி வரும். அதையா என் அக்காவுக்கு வாங்குவேன்? மாமாவும், "மெஷின் தெரிஞ்சவன் நீதான், நல்லதா பாத்து வாங்கு" என்று எழுதியிருந்தார். பர்மா பஜாரில் அரை நாள் அலைந்து இரண்டு கேசட் போடுகிற பெரிய செட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாலு பேண்டு ரேடியோ, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், வரிசையாகப் பன்னிரண்டு பட்டன், எல்லாம் ஒரே வெள்ளி நிறம், மேலே பொடிப்பொடியாக இங்கிலீஷ். பதிவு செய்கிற பட்டனில் மட்டும் கடுகளவு சிவப்புப் புள்ளி.

பெட்டியைப் பிரித்து வைத்ததும் நீ சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "இன்னாடா இது, இத ஓட்றதுக்கு ஆள் வைக்கணும் போல கீதே" என்றாய். அந்த ஆள் நான்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மீஞ்சூரிலிருந்து பொன்னேரி, பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ், அப்புறம் நடை. வந்து செட்டைப் போடுவேன். மாமா குரல் வரும், நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்பாய், நான் ஓசையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன். கணக்கப்பிள்ளை போய் நான் வந்தேன், அவ்வளவுதான் மாற்றம். ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொடுப்பேன், ஒவ்வொரு வாரமும் நீ மறப்பாய், நான் கத்துவேன். மூளையை எங்கே அடகு வைத்தாய் என்றுகூட ஒருநாள் கேட்டிருக்கிறேன். "நீ சொல்லும்போது புரியுதுடா. நீ போனதும் எல்லாப் பட்டனும் ஒண்ணாயிடுது" என்றாய். தப்பு உன்னிடம் இல்லை, நான் வாங்கின சாமானிடம் இருக்கிறது என்று அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும்.

அதற்கு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். ஏரியில் தண்ணிக்கு அடியில் கட்டையோ கல்லோ கிடக்கிற இடத்தில் கொம்பு நட்டுத் துணி கட்டிவிடுவார்கள், வலை மாட்டிக் கிழியக்கூடாது என்று. நீயும் அதையே செய்தாய். தொடக்கூடாத பட்டனுக்குக் கிழிந்த புடவைத் துணி. அழுத்த வேண்டிய பட்டனுக்கு வலை நூலில் ஒரு முடிச்சு. நிறுத்துகிற பட்டனுக்கு இரண்டு முடிச்சு. அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு, அந்த மாதம் வந்த கேசட்டை யார் தயவும் இல்லாமல் நீயே போட்டுக் கேட்டாய். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை; வெகுகாலம் கழித்துப் பாத்திமா அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் வந்தபோது செட்டில் அழுக்கு நூலும் கந்தலும் தொங்கிக்கொண்டிருந்தன என்பதுதான். நீ இறால் கூடையோடு பழவேற்காட்டுக்குப் போயிருந்தாய். எனக்கு வந்ததே கோபம். வெளிநாட்டு செட்டை இப்படியா வைத்திருப்பது? எல்லாவற்றையும் பிய்த்து அடுப்பில் போட்டேன். ஸ்பிரிட்டைத் தொட்டுப் பட்டன் பட்டனாகத் துடைத்தேன். கடையில் வைத்த மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன். உனக்கு நல்லது செய்துவிட்ட நிறைவில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனேன்.

அடுத்த ஞாயிறு வந்தபோது நீ செட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். கேசட்டில் குரல் வரவில்லை என்றாய்; நீ ஏற்கெனவே ஒரு தடவை தனியாகக் கேட்டிருந்த அதே கேசட். வாங்கிப் போட்டேன். மாமா குரல் இல்லை. காக்கை கத்தியது, எங்கோ பாத்திரம் உருண்டது, அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உன் குரல், மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது.

"பேசேன்யா."

மறுபடி காக்கை. மறுபடி நீ, "பேசேன்."

சிவப்புப் புள்ளி பட்டனை அழுத்தியிருக்கிறாய். சக்கரம் சுற்றியது, குரல் வரக் கொஞ்சம் நேரமாகும் போல என்று அரைமணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாய். நீ காத்திருக்கக் காத்திருக்க அவர் அழிந்துகொண்டே வந்திருக்கிறார். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் பதிவு பட்டன் இறங்கவே இறங்காது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி அனுப்புகிறவன், என் சொந்த அக்காவுக்குச் சொல்லவில்லை. சொல்லாததும் போதாதென்று கத்தினேன். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், எதற்கு அவசரம், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாதா என்றேன். நீ நிதானமாகக் கேட்டாய், "துணி கட்டி வச்சிருந்தேனே, அது எங்கடா?"

குப்பை என்று பிய்த்துப் போட்டேன் என்றேன். வேறு கேசட் போடச் சொன்னாய். மறுநாள் பாத்திமா அக்கா வீட்டுக்காரர் புறப்படுகிறார், பதிலை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். போட்டேன். நீ பேசினாய். எல்லாரும் சௌக்கியம், கூரை மாற்றியாகிவிட்டது, இறால் நன்றாகப் படுகிறது, கவலைப்படாமல் இருங்கள். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாய்.

மாமா அதற்குப் பிறகு நாலு வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தார். வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை, முன்போலப் பேச்சும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் மரியாதையாக, அளவாகப் பேசிக்கொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளிநாடு போய் வந்தால் மனுஷன் அப்படித்தான் ஆகிவிடுவான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். எப்படியோ பேச்சு அந்தக் கேசட்டுக்கு வந்தது. அது அழிந்துபோன கதையை நான் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. கேட்கிற காதை என் பக்கம் திருப்பி இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னார்.

"அதுல உங்க அக்காவ ஒண்ணு கேட்டிருந்தேன் மச்சான். இங்க என்னால இருக்க முடியல, வந்துடட்டுமானு. நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த கப்பல்லயே வந்துடறேன்னு. பதில்ல அதப்பத்திப் பேச்சே இல்ல. சரி, நான் வர்றதுல இஷ்டமில்ல போலனு இருந்துட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒன்று, இத்தனை வருஷமாக நான் நினைத்தே பார்க்காத ஒன்று, அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதுக் கேசட்டைப் போட்டுப் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நீ சொன்னாய், "நீ போய் டீ குடிச்சிட்டு வாடா. நான் பேசி வைக்கிறேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் போனா இதையும் கெடுத்து வைப்பே" என்றேன். சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பித்தாய்.

வா என்று புருஷனைக் கூப்பிடுவதைத் தம்பி எதிரில் எப்படிச் சொல்வாய்? இப்படி ஒன்றை யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்கத்தானே நீ பட்டனுக்கெல்லாம் துணி கட்டினாய். மாமா வந்த பிறகாவது அவரிடம் சொல்லியிருக்கலாம், தம்பி பிய்த்துப் போட்டதால் அழிந்தது, தம்பி எழுந்து போகாததால் பதில் சொல்லவில்லை என்று. ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றுவதற்கா? யார் கேட்டார்கள் உன்னை? இதை நினைக்கும்போதெல்லாம் என்மேல் வருகிற அதே கோபம் உன்மேலும் வருகிறது, அக்கா.

மாமாவிடம் நான் அந்த டீ விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை கோட்டைக்குப்பம் வரை போய்விட்டு வந்தேன். அவர் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "இன்னா மச்சான், சொல்லு" என்று கேட்கிற காதைத் திருப்பினார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். போன ஐப்பசியில் அவரும் போய்விட்டார். இனிமேல் இதைச் சொல்ல ஆளில்லை. நீ அவரை வா என்றுதான் சொல்லியிருப்பாய் என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.