மர்வாவை நடக்கக் கூட்டிப் போ

பல்லேபொல,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி றம்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ரிஸ்வி தம்பியும் மர்வாவும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். போனில் என் முகத்தைக் கண்டால் பிள்ளை அழுது சாப்பிடாமல் கிடக்கிறாள், கொஞ்ச நாளைக்கு எடுக்காதீங்க ராத்தா என்று நீ சொன்னது சரிதான். அதனால் டோஹாவுக்குத் திரும்புகிற ஸெய்னுலாப்தீனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை விடவில்லை. மிளகு காயவில்லை. உன் மச்சான் வயலில் கொக்கைக் கண்டால் பிள்ளைக்குக் காட்ட இன்னமும் திரீவீலை நிறுத்துகிறாராம். நிறுத்திய பிறகுதான் பின்சீற்றில் யாரும் இல்லை என்பது நினைவு வருகிறதாம்.

மர்வா உன்னோடு சேரவில்லை, பொம்மை வாங்கிக் கொடுத்தும் பார்க்கவில்லை என்றாய். அவளை வெளியே நடக்கக் கூட்டிப் போ. அவளை என்னிடம் விட்டுவிட்டு நீ டோஹாவுக்கு வேலைக்குத் திரும்பியபோது அவள் ஆறு மாதக் குழந்தை. பாலுக்கு அழுதால் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு கறுவாத் தோட்டத்துக்குள் இறங்குவேன். இலை அசைவதைப் பார்த்ததும் அழுகை நிற்கும். நடை பழகியதும் அவள்தான் முன்னால் போவாள். எறும்பு வரிசை கண்டால் குந்திவிடுவாள். அவசரப்படுத்தினால் கோபம் வரும். தொட்டாற்சுருங்கியைத் தொட்டுவிட்டு, "சத்தம் போடாதீங்க உம்மா, இது தூங்குது" என்பாள். அங்கே மரங்கள் குறைவு என்று தெரியும். ஒரு செடி இருந்தாலும் போதும். பக்கத்தில் நீயும் குந்திக்கொள்.

நீ வந்திருந்தபோது மூவரும் ஏலா வாய்க்கால் பக்கம் போனோமே, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எருமை கனைத்ததும் மர்வா பயந்து திரும்பி ஓடி வந்தாள். நீ முன்னால் நின்றாய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. உன்னைத் தாண்டி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். நீ விரித்த கையை மெல்ல இறக்கி முந்தானையைச் சரிசெய்தாய். அடுத்த நாள், "பிள்ளைய இப்பவே கூட்டிப் போறேன் ராத்தா, இன்னும் விட்டா அவ எனக்கு இல்ல" என்றாய். நான் மறுக்கவில்லை. அவளுடைய உடுப்புகளை நான்தான் மடித்து வைத்தேன். நீ பெற்ற பிள்ளை, றம்லா. உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மூன்று வயதில் பார்த்த முகம் பிள்ளைகளுக்கு நிலைக்காது என்கிறார்கள். அவள் என்னை மறந்து உன் மடியில் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கத் தொடங்குகிறேன். முழுதாகக் கேட்டு முடிக்க இன்னும் வாய் வரவில்லை. எனக்காக அதை நீ கேள்.

அல்லாஹ் உங்களைப் பாதுகாப்பானாக.

உன் ராத்தா,
ஹமீமா