நாலு தடவையாக ஊற்றிய வினிகர்

மார்ச் 4
ஊறுகாய் கம்பெனியில் இன்று இருபது பெட்டி வெள்ளரிக்காய். நறுக்கி, வினிகரில் போட்டு, பாட்டிலில் அடைத்து, கையெல்லாம் புளிப்பு வாடை. வீட்டில் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, உன் சரக்கு தொண்டையை அறுக்குது." மகாராணிக்கு (அவளை அப்படித்தான் கூப்பிடுவேன்) பதமாக வேண்டுமாம். போட்டுத் தருகிறேன், என்ன இப்போ!

மார்ச் 5
லீவு. அவளுக்கென்று ஒரு ஜாடி போட்டேன். வினிகரை மொத்தமாகக் கொட்டாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை நாலு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். காய் மெதுவாகப் பழகட்டும் என்று. கம்பெனியில் இப்படிச் செய்தால் மேஸ்திரி தோலை உரிப்பார். அங்கே எல்லாம் ஒரே ஊற்று. ஏன் என்று நான் கேட்டதில்லை. கடைசியில் அளவு ஒன்றுதானே?

மார்ச் 8
பாதி ஜாடி காலி. "அண்ணி, உனக்குக் கோயிலே கட்டலாம்" என்றாள். எனக்குப் பல் கூசும், நான் தொடவில்லை.

மார்ச் 11
நாத்தனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வயிற்றுப்போக்கில் ரத்தம்.
என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். எல்லாம் சொன்னேன். ஜாடியை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, வினிகரில் கிருமி பிழைக்குமா என்ன?

மார்ச் 12
சிறுநீர் இறங்கவில்லை. முகம் வீங்கியிருக்கிறது.
ஜாடியா? — சேச்சே.

மார்ச் 13
மனசு கேட்கவில்லை. மிச்ச ஜாடியைக் கம்பெனி சோதனை அறைக்குத் தூக்கிப் போனேன். அங்கிருக்கும் கண்ணாடிக்கார அம்மா எப்படிப் போட்டேன் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
"காய்த் தோலில கிருமி இருந்திருக்கும். மொத்தமா ஊத்தியிருந்தா அதில முக்காவாசி செத்திருக்கும். நீங்க கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அதைப் புளிப்புக்குப் பழக்கிட்டீங்க. அப்படிப் பழகினது வயித்துக்குள்ள இருக்கிற புளிப்புக்கும் சாகாதும்மா. முதல்ல டாக்டர்கிட்ட ஓடுங்க."
நான் பழக்கினது காயை இல்லை.
ஓடினேன். டாக்டர் திட்டவில்லை. மருந்தை மாற்றினார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 15
சோதித்ததில் ஜாடியில் கிருமி இருந்ததாம்.
நாத்தனாரிடம் நானே சொன்னேன். "உன் தொண்டைக்காகத்தான்டி அப்படி ஊத்தினேன்." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 17
நான் கொண்டுபோன கஞ்சியை அவள் நர்ஸ் கையால்தான் வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 19
சிறுநீர் இறங்கியது. நர்ஸ் சொன்னதும் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 27
வீட்டுக்கு வந்துவிட்டாள். சிறுநீரகம் தேறும்வரை உப்பு கூடாது, புட்டியில் அடைத்தது எதுவும் கூடாது. வேகவைத்த காயைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.
"அண்ணி."
நின்றேன்.
"பதினஞ்சு நாளா என்னை மகாராணின்னு கூப்பிடவே இல்லை. நான் செத்தா போயிட்டேன்?"
கூப்பிடத்தான் பார்த்தேன். தட்டை என் பக்கம் தள்ளினாள். "முதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் நான்."
சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள்.