கூண்டேறிச் சொல்ல வேண்டியது

என் ராசாவுக்கு,

நாளை மறுநாள் விசாரணையில் நானும் சாட்சி. நண்பனுக்காக விமானத்தில் கொண்டுவந்த பெட்டியில் போதைப்பொருள் இருந்தது உனக்குத் தெரியாது என்று நீதிபதி நம்பினால்தான் விடுதலையாம். "உங்க பையன் யார் என்ன சொன்னாலும் நம்புற வெகுளின்னு நீங்க சொல்லணும்" என்கிறார் வக்கீலம்மா.

முடி வெட்ட வந்தவர்களிடமெல்லாம் உன் மூளையைப் பற்றிப் பீற்றிக்கொண்டவன் நான். கழுத்தில் கத்தி இருந்ததால், பாவம், ஒருத்தரும் மறுக்கவில்லை. இப்போது கூண்டேறி, "என்னை மாதிரியே மக்குங்க அவன்" என்று சொல்ல வேண்டும். கடைக் கண்ணாடி முன் பழகிப் பார்த்தேன். "என்னை மாதிரியே" வரைக்கும் சரளமாக வருகிறது.

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும், கேட்க மாட்டேன். தீர்ப்பு வரும்வரை நீயும் சொல்லிவிடாதே. உனக்கே தெரியும், எனக்குப் பொய் சொல்ல வராது.

உன் அப்பா