பேத்தியே கிடையாது என்று நான் சொன்ன பொய்

அனுப்புநர்:
ப. விருத்தகிரி (வயது 78),
த/பெ. பழமலை,
பீங்கான் தொழிற்பேட்டை பின்புறம்,
விருத்தாசலம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: என் பேத்தி ச. வெண்பாவின் பாஸ்போர்ட் விசாரணையில் நான் பொய் சொன்னது – விசாரணைக்கு வந்த காவலர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றும், மறுவிசாரணை செய்யக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் கிளமெண்ட் இதை எழுதுகிறார். இது என் மேல் நானே கொடுக்கும் புகார்.

1. என் மகன் சக்கரபாணியின் மகள் வெண்பா. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் என்ற எம்.ஏ. படிப்பில் முதல் வருடம் படிக்கிறாள். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படிப் பேசுகிறது, ஒப்பந்தம் எப்படிப் போடுகிறது, பிழைக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு எந்த ஆபீஸ் பொறுப்பு என்பதெல்லாம் அந்தப் படிப்பில் வருகிறது. வரும் செப்டம்பரில் ஐந்து மாதம் ஆஸ்திரியா நாட்டில் போய்ப் படிக்க அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் அது கிடைத்தது. ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காவிட்டால் அவள் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

2. சென்ற தை மாதம் 27ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, திட்டக்குடி பஸ் போன கொஞ்ச நேரத்தில், கட்டம் போட்ட நீலச் சட்டையில் ஒருவர் கறுப்பு வண்டியில் வந்தார். இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு. மகனும் மருமகளும் வேப்பூர் ஓட்டலுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். வூட்டில் நான் மட்டும்தான். விசாரணை என்று சொல்லி ஓர் அட்டையைக் காட்டினார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. "வெண்பான்னு ஒரு பொண்ணு இங்க இருக்குதுங்களா? போன் போட்டா எடுக்க மாட்டேங்குது" என்றார். "அப்படி யாரும் இல்லிங்க" என்றேன். "சக்கரபாணி மொவளாச்சே?" என்றார். "அவனுக்குப் பொண்ணே கெடையாதுங்க" என்றேன். முந்தின நாள் சென்னைக்குத் திரும்பிப் போன வெண்பாவின் சுடிதார் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, "அப்ப இது யாருது?" என்றார். தங்கச்சி பேத்தியுடையது என்றேன். எனக்குத் தங்கச்சியே இல்லை.

3. அவர் விடவில்லை. பக்கத்து வூட்டு ராஜம்மாளைக் கேட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண் காட்டினேன். வெண்பாவைப் பிறந்த அன்றே கையில் வாங்கிய ராஜம்மாளும், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். வண்டி டேங்க் மேலேயே பேப்பரை வைத்து ஏதோ எழுதிக்கொண்டு அவர் போனார். "எதுக்கு மாமா நம்ம புள்ளய இல்லன்னு சொல்ல வச்சீங்க?" என்று ராஜம்மாள் சண்டை பிடித்தாள். அவள் மேல் குற்றம் எழுத வேண்டாம்.

4. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2012ஆம் வருடம் ஆவணி மாதம் இதே வாசலில் இன்னொருவர் அட்டையோடு வந்து என் மகனைப் பற்றிக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்து, பெயர், படிப்பு, தெரிந்த வேலை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஏஜெண்டு. ஓடு கம்பெனி வேலை என்று வளைகுடாவுக்கு அழைத்துப் போய்க் கல் குவாரியில் விட்டார். என் மகனின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். பெற்ற தாயின் சாவுக்குக்கூட அவனால் வர முடியவில்லை. ஏழாம் வகுப்பு படித்த வெண்பாதான் தூதரகத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதி, டீச்சரிடம் திருத்தி வாங்கி அனுப்பினாள். ஏழாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. 2017 பங்குனியில் அவன் வந்து சேர்ந்தான். அப்படிக் கடிதம் வருகிற ஆபீஸில் தானே உட்கார்ந்து முதல் கடிதத்துக்கே பதில் போட வேண்டும் என்றுதான் அவள் இந்தப் படிப்பை எடுத்தாள். வாசலில் வந்து பிள்ளை பெயரைக் கேட்கிறவருக்கு எதுவும் சொல்லக் கூடாது என்று நான் முடிவு செய்ததும் அந்த ஏஜெண்டால்தான்.

5. பத்து நாள் கழித்து, அந்த முகவரியில் ஆளே இல்லை என்று விசாரணையில் வந்திருப்பதாக வெண்பாவுக்குத் தகவல் போனது. போனில் அழுதுகொண்டே, "போலீஸ்காரங்க யாராச்சும் வந்தாங்களா தாத்தா?" என்று கேட்டாள். அந்த நீலச் சட்டைக்காரர் போலீஸ் என்று எனக்கு அப்போது தெரியாது. "ஒருத்தரும் வரலம்மா" என்றேன். என் பேச்சை நம்பி, காவலர் வராமலே பொய் அறிக்கை கொடுத்துவிட்டார் என்று தங்களுக்குப் புகார் அனுப்பிவிட்டாள். அவள் எழுதினால் சுருக்கென்றுதான் இருக்கும்.

6. மாசிமகத் தேர் அன்று தெற்கு வீதியில் காக்கி உடுப்பில் ஒருவர் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அதே புருவம். அவரும் என்னைக் கண்டுகொண்டார். "பெரியவரே, ஒங்க வூட்ல அப்படி ஒரு பொண்ணே இல்லன்னீங்க. அப்ப எம்மேல புகார் குடுத்தது யாருங்க? ரெண்டு நாளா வெளக்கம் எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கூட்டம் தள்ளியதில் அப்படியே நகர்ந்து வந்துவிட்டேன்.

7. ஆகவே ஐயா, அந்தக் காவலர் வந்தது உண்மை. முறையாகக் கேட்டதும் உண்மை. அவர் எழுதியது நான் சொன்னதைத்தான். அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம். வெண்பாவும் தெரிந்து பொய் எழுதவில்லை. தண்டனை உண்டு என்றால் அது எனக்குத்தான். அவரையே மறுபடி அனுப்பி வைத்தாலும் சரி. நானும் ராஜம்மாளும் வாசலிலேயே இருப்போம். ரேஷன் கார்டு, வெண்பாவின் ஆதார், மார்க் ஷீட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். ஏப்ரல் 10க்குள் ஆகும்படி உத்தரவு போட வேண்டுகிறேன்.

இதைக் கிளமெண்ட் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது.

இடம்: விருத்தாசலம்
நாள்: 11.03.2026

ப. விருத்தகிரி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

நகல்: செல்வி ச. வெண்பா, மாணவியர் விடுதி, சென்னை.
(போனில் சொல்ல வாய் வரவில்லையம்மா. படித்துவிட்டுத் திட்டு. அதற்கு முன்னால் அந்தப் புகாரை வாபஸ் வாங்கிவிடு.)